பழைய ஜேசிபியில் இன்ஜின் ஆயில் ஒழுகுதா? கழற்றச் சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்

என் வண்டி 2009 மாடல் பேக்ஹோ லோடர். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நம் ஊரில் மஞ்சள் நிறத்தில் எது மண் தோண்டினாலும் ஜேசிபிதான், இந்த வயதில் எல்லாமே எங்காவது ஒழுகும்தான். ஹவர் மீட்டர் 11,000 தாண்டிய பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கி, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்குக் கடைக்கால் எடுப்பது, வாய்க்கால் தூர்வாருவது என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

2023 மார்ச்சில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் கறுப்பாகச் சொட்ட ஆரம்பித்தது. பட்டறையில் குனிந்து பார்த்தவர் அரை நிமிடத்தில் “கிராங்க் பின் சீல் போச்சு” என்றார். அதாவது இன்ஜினின் பின்பக்கம், கிராங்க் தண்டைச் சுற்றி ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம். கியர்பாக்ஸைப் பிரித்தார்கள். கூலி 14,000, சீல் 2,600, டிரான்ஸ்மிஷன் ஆயில் 7,000, பேக்கிங், வாஷர், சில்லறை என்று 1,400. மொத்தம் 25,000 ரூபாய். வண்டி ஆறு நாள் நின்றது. டீசலும் ஆபரேட்டர் சம்பளமும் கழித்துப் பார்த்தாலும் இன்னொரு இருபதாயிரம் போயிருக்கும். வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே கறுப்புச் சொட்டு.

கடைசியில் சரியானது 700 ரூபாயில். ஆயில் வந்த இடம் மேலே, சொட்டிய இடம் கீழே. இது தெரியாமல்தான் அவ்வளவு பணமும் போனது. பழைய வண்டியை இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். அவசரத்தில் ஒரு படியைத் தாண்டினால் திரும்ப அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

1. ஒழுகுவது எந்த ஆயில் என்று பாருங்கள்

ஒரு பேக்ஹோவில் இன்ஜின் ஆயில், டிரான்ஸ்மிஷன் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், ஆக்ஸில் ஆயில் எல்லாம் உண்டு, போதாததற்கு டீசல். எல்லாம் தூசியோடு கலந்து வண்டியின் அடியில் ஒரே கறுப்புக் களியாக ஒட்டியிருக்கும். களியைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. புதிதாகச் சொட்டுவதைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இரவு வண்டியை நிறுத்தும்போது அடியில் சுத்தமான அட்டையைப் பரப்பி, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். முன் சக்கரம் எங்கே, பின் சக்கரம் எங்கே என்று அட்டையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் விழுந்திருக்கும் துளியை வெள்ளைத் தாளில் தொட்டு, பக்கத்தில் இன்ஜின் டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு துளி, டிரான்ஸ்மிஷன் டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு துளி வைத்து ஒப்பிடுங்கள். ஓடிய இன்ஜின் ஆயில் கறுப்பாக, கரிப்புகை வாசத்தோடு இருக்கும். ஹைட்ராலிக்கும் டிரான்ஸ்மிஷனும் பெரும்பாலும் வெளிர் நிறம்.

டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியாக இழுவையைக் கடத்தும் பாகம்) உள்ள வண்டிகளில் இது ரொம்ப முக்கியம். கிராங்க் பின் சீல் போனாலும், டிரான்ஸ்மிஷன் பம்ப் சீல் போனாலும் இரண்டும் ஒரே பெல் ஹவுசிங்குக்குள்தான் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள கூடு) ஒழுகும், ஒரே ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். எந்த ஆயில் என்று தெரியாமல் பிரித்தால், தேவையில்லாத சீலை மாற்றிவிட்டுத் தேவையான சீலை அப்படியே விட்டு மூடிவிடுவார்கள்.

இன்ஜின் டிப் ஸ்டிக்கைப் பார்க்கும்போதே அளவையும் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருந்தால் இரண்டில் ஒன்று. யாரோ அதிகமாக ஊற்றியிருக்கிறார்கள், அல்லது டீசல் இறங்கிக் கலக்கிறது. ஒழுகுகிற வண்டியில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் டீசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீட் பம்ப், மெயின் பம்ப் சீல், நாசில் ரிட்டர்ன் லைன் இவற்றைப் பார்க்கும் வரை வண்டியை ஓட்டாதீர்கள். டீசல் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காத வேலை, நேராக மெக்கானிக்கிடம் போங்கள்.

2. எவ்வளவு போகிறது என்று கணக்கு வையுங்கள்

“ஒழுகுது” என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் சொல்கிறோம். ஈரம் கசிந்து தூசி ஒட்டிக் கிடப்பது ஒன்று, சொட்டுவது வேறு. 15 வருட வண்டியில் ஒரு மூட்டில் ஈரம் கசிவதற்காக இன்ஜினைப் பிரிப்பவர் யாரும் இல்லை. துடைத்துவிட்டு ஓட்டலாம்.

சொட்டினால் எண்ணுங்கள். ஒரு மில்லி லிட்டருக்குச் சுமாராக 20 முதல் 30 சொட்டு. இன்ஜின் ஓடும்போது நொடிக்கு ஒரு சொட்டு என்றால் பத்து மணி நேர வேலையில் 36,000 சொட்டு, அதாவது ஒன்றரை லிட்டர் பக்கம். அதைத் தள்ளிப் போட முடியாது. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு இருபது, முப்பது மில்லிதான். மழைக்காலம் வரை காத்திருக்கலாம்.

ஒரு நோட்டு போட்டு தேதி, ஹவர் மீட்டர், ஊற்றிய ஆயில் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு வாரம் எழுதினாலே போதும். டிப் ஸ்டிக்கில் குறைவது அதிகம், அட்டையில் விழுவது குறைவு என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. அதற்கு எந்த சீலை மாற்றியும் பயன் இல்லை.

அளவு எப்படி இருந்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள்: சைலன்சர் மேனிஃபோல்டு மீதோ டர்போ மீதோ ஆயில் விழுந்தால். வண்டி பற்றிக்கொள்ளும்.

3. கழுவுங்கள், காயவிடுங்கள், பவுடர் அடியுங்கள்

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வாட்டர் வாஷ். சூடாக இருக்கும்போது டீசல் அடித்துக் கழுவுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். மேனிஃபோல்டு சூட்டில் அது ஆபத்து. ஓடும் இன்ஜினில் டீசல் பம்ப் மீது பச்சைத் தண்ணீர் அடிப்பதும் கூடாது, பம்ப் சிக்கிக்கொள்ளும். ஏர் ஃபில்டர் வாய், ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் மூன்றையும் பாலித்தீன் பையால் கட்டிவிடுங்கள். களியை முதலில் தகட்டால் சுரண்டி எடுத்த பிறகு கழுவினால் பாதி நேரம் மிச்சம். எங்கள் பக்கம் இன்ஜின் மட்டும் கழுவ 500 வாங்கினார்கள்.

காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். வீட்டில் இருக்கும் டால்கம் பவுடரே போதும். இன்ஜினை ஐடிலில் பத்து நிமிடம், பிறகு ரேஸ் கொடுத்துப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் ஒரு கறுப்புக் கோடாக இறங்கியிருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே எது ஈரமாக இருக்கிறதோ அதுதான் முதல் சந்தேகம். ஆயில் கீழே இறங்கும், ஃபேன் காற்று அதைப் பின்னால் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் முன்னால் ஒழுகுவது பின்னால் வந்து சொட்டும்.

பவுடரிலும் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா டார்ச்சும் கிடைக்கின்றன. ஒரு நாள் வேலை செய்துவிட்டு இருட்டில் அடித்தால் ஆயில் வந்த வழி பச்சை மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். டார்ச் ஒரு முறை வாங்கினால் போதும், பக்கத்து வண்டிக்காரர்களும் வந்து கேட்பார்கள்.

அடியில் படுப்பதற்கு முன்: லோடர் கையைத் தூக்கி வைத்திருந்தால் அதற்கான சேஃப்டி ஸ்ட்ரட்டைப் பூட்டாமல் உள்ளே போகாதீர்கள். இல்லையென்றால் பக்கெட்டைத் தரையில் இறக்கிவிடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஓடும் வண்டியில் ஹைட்ராலிக் ஹோஸ், டீசல் பிரஷர் பைப் பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளையில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் விரலை எடுக்கும் அளவுக்குப் போகும். அட்டையை நீட்டிப் பாருங்கள்.

4. ப்ரீதரைப் பார்க்காமல் எந்த போல்ட்டையும் தொடாதீர்கள்

இதைத்தான் என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் புகைக்காற்று எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேற ஒரு வழி உண்டு, அதுதான் ப்ரீதர். டாப்பெட் கவரிலோ (இன்ஜினின் உச்சியில் உள்ள மூடி) பிளாக்கின் பக்கவாட்டிலோ ஒரு ஹோஸ் கிளம்பிக் கீழே தொங்கும். அந்த வழி அடைபட்டால் காற்று இன்ஜினுக்குள்ளேயே அழுத்தமாகத் தங்கி, எந்தப் பேக்கிங் இளைத்திருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நீங்கள் ஒன்றை மாற்றினால் அடுத்தது ஒழுகும். டிப் ஸ்டிக் குழாயைச் சுற்றி ஈரம் இருந்தாலோ, டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பி நின்றாலோ இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

என் வண்டி மழைக்காலத்தில் இரண்டு மாதம் வேலையில்லாமல் தென்னந்தோப்பில் நின்றிருந்தது. இரண்டாவது முறை ஒழுகியபோது, கோபத்தில் நானே ஒரு காலை ஆறு மணிக்கு அடியில் படுத்துப் பவுடர் அடித்தேன். கறுப்புக் கோடு பெல் ஹவுசிங்கின் வெளிப்பக்கமாக ஏறி, பிளாக்கின் பின்பக்கம் வழியாக நேராக டாப்பெட் கவரின் பின் மூலைக்குப் போனது. அப்போதுதான் ப்ரீதர் ஹோஸின் நுனியைத் திருப்பிப் பார்த்தேன். வாயில் களிமண் அடைத்து, மழுமழுவென்று பூசி மூடியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதும் உடைந்து உள்ளேயிருந்து பச்சைப் புழு இரண்டு, மூன்று கொட்டின. குளவிக் கூடு. அம்மாவிடம் காட்டினால், குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சந்தோஷப்படுகிறார். எனக்கு 25,000 ரூபாய் கண்முன் வந்து நின்றது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஹோஸைக் கழற்றி வாயால் ஊதுங்கள், இரண்டு பக்கமும் தாராளமாகக் காற்று போக வேண்டும். உள்ளே கரி படிந்து பிசின் மாதிரி இருந்தால் டீசலில் ஊறப்போட்டுக் கழுவுங்கள். ஹோஸ் உப்பியிருந்தாலோ உள்தோல் உரிந்திருந்தாலோ மாற்றுங்கள்; எனக்கு 220 ரூபாய் ஆனது. ப்ரீதரில் வலை அல்லது ஃபில்டர் இருந்தால் அதையும் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள். இனி வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தினால் ஹோஸ் நுனியில் கொசுவலைத் துண்டைக் கட்டிவிடுங்கள். ஓட்டும் முன் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

வழி சுத்தமான பிறகு, சூடான இன்ஜினை ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வாயிலேயே வையுங்கள். லேசாக ஆடினால் பயமில்லை. குபுகுபுவென்று புகை அடித்து மூடியைத் தூக்கி எறிந்தால் பேக் கம்ப்ரஷன். ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. அப்படியிருந்தால் சீல் வேலையைத் தொடங்காதீர்கள். இன்ஜின் வேலை பார்க்கும்போது எல்லா சீலும் சேர்த்து மாறும். அதுவரை ஆயில் ஊற்றி ஓட்டுவதா, நிறுத்துவதா என்பதை 2-ஆம் படியில் எழுதிய நோட்டு சொல்லும்.

5. மேலேயிருந்து கீழே, மலிவிலிருந்து செலவுக்கு

ப்ரீதர் சரி என்றால் இப்போது கறுப்புக் கோடு காட்டிய இடத்துக்கு வாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடம் ஈரமாக இருந்தால் மேலே உள்ளதை முதலில் சரிசெய்து, திரும்பக் கழுவி, திரும்பப் பாருங்கள். பல சமயம் கீழே உள்ள ‘ஒழுகல்’ காணாமல் போய்விடும்.

டாப்பெட் கவர் பேக்கிங்: அரை நாள் வேலை, நீங்களே செய்யலாம். எனக்கு 480 ரூபாய். பழைய பேக்கிங்கைத் தகட்டால் சுரண்டும்போது துகள் உள்ளே விழாமல் துணி வைத்து அடைத்துக்கொள்ளுங்கள். கவரைக் கண்ணாடி மீது கவிழ்த்து வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். முன்பு யாராவது ஒழுகுகிறதே என்று போல்ட்டை இறுக்கியிருப்பார்கள், தகடு கவராக இருந்தால் போல்ட் ஓட்டையைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். அதை மரக்கட்டை கொடுத்துத் தட்டிச் சமமாக்காமல் புதுப் பேக்கிங் போட்டால் ஒரு வாரம்தான். இறுக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில். கார்க் பேக்கிங் வெளியே பிதுங்கினால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.

ஆயில் ஃபில்டர்: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் ஃபில்டர் உட்காரும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்று, அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டுவிடுவது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. அன்று பிடிக்கும், மறுநாள் ரேஸ் கொடுத்தால் பீய்ச்சும். வளையத்தில் ஆயில் தடவி, தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று. ஃபில்டர் மேல் வேறு கணக்கு எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

ஆயில் பிரஷர் சுவிட்ச்: வயர் மாட்டும் பிளாஸ்டிக் வழியாகவே ஆயில் வரும். வயரைப் பிடுங்கி, உள்ளே ஈரமாக இருந்தால் சுவிட்சை மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் இதைப் பார்க்கிறவர்கள் குறைவு.

டிரெயின் போல்ட்டும் பைப் யூனியன்களும்: செம்பு வாஷர் ஒரு முறை நசுங்கினால் கெட்டியாகிவிடும். புதிது போடுங்கள். கிடைக்காத ஊரில் மாட்டிக்கொண்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு, உப்புத்தாளில் தேய்த்துப் போடலாம், மறுபடி மென்மையாகிவிடும்.

டர்போ வண்டி என்றால் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் பைப்பின் பேக்கிங், ஆயில் கூலரின் ஓ-ரிங் இரண்டையும் இதே சுற்றில் பார்த்துவிடுங்கள்.

6. கிராங்க் முன் சீல்

முன் புல்லிக்குப் பின்னால் வட்டமாக ஆயில் சிதறியிருந்தால் இதுதான். ரேடியேட்டர், ஃபேன், பெல்ட் எல்லாம் கழற்றி மாட்ட ஒரு நாள் ஆகும். எங்கள் பக்கம் கூலி 2,500-இலிருந்து 4,000 வரை சொன்னார்கள்.

சீல் வெளியே வந்ததும் புல்லியின் கழுத்தை, சீல் உதடு உரசும் இடத்தை, நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புதுச் சீல் அந்தப் பள்ளத்தில் நிற்காது. புல்லியை மாற்றலாம், அல்லது மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம். லேத்தில் நல்ல ஆள் இருந்தால் ஸ்லீவ் போதும். இடம் இருந்தால் சீலை இரண்டு மில்லி மீட்டர் முன்னே பின்னே உட்கார வைத்து உதட்டைப் புது இடத்தில் உரச விடுவதும் உண்டு.

சீலைச் சுத்தியலால் ஒரு பக்கம் அடித்து ஏற்றுகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அதே அளவு பைப் அல்லது மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாக இறக்க வேண்டும். ரப்பர் உதடு என்றால் ஆயில் தடவிப் போட வேண்டும். டெஃப்ளான் உதடு உள்ள சீல்கள் பெரும்பாலும் காய்ந்தபடியே ஏற வேண்டும், ஆயில் பட்டால் ஒழுகும். பாக்கெட்டில் உள்ள சீட்டைத் தூக்கிப் போடுவதற்கு முன் படியுங்கள்.

7. சம்ப்

சம்ப் என்பது இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. அதன் பேக்கிங் உண்மையிலேயே போவது குறைவு. மேலேயிருந்து வழிந்தது சம்ப் விளிம்பில் தேங்கி நிற்பதுதான் அதிகம். கழுவிப் பார்த்தும் இங்கேதான் என்றால், கல்லில் மோதி விளிம்பு வளைந்திருக்கிறதா, போல்ட் மரை போயிருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் சிலிக்கான் பசையை, நம் பட்டறைகளில் ‘அனபாண்ட்’ என்று பொதுவாகச் சொல்வதை, பல் துலக்கும் பேஸ்ட் மாதிரி பிதுக்கி அடிப்பார்கள். வெளியே பிதுங்கியது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது துண்டு துண்டாகப் பிய்ந்து சம்ப்புக்குள் உள்ள ஆயில் ஸ்ட்ரெய்னரை (வடிகட்டும் வலையை) அடைத்தால் ஒழுகல் நிற்கும், கூடவே இன்ஜினும் நிற்கும். மெல்லிய ஒரே கோடு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாக. பசை டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை ஆயில் ஊற்றக் கூடாது. “இப்பவே எடுத்துட்டுப் போங்க” என்றால் இரவு பட்டறையிலேயே விட்டுவிடுங்கள்.

8. கிராங்க் பின் சீல் – கடைசியாக

இதற்கு வருமுன் ஒரு சோதனை. பெல் ஹவுசிங்கின் அடியில் உள்ள ஓட்டையில், கம்பியில் சுற்றிய வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுங்கள். துணி காய்ந்து வந்து, ஹவுசிங்கின் வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் பின் சீல் குற்றவாளி இல்லை. என் வண்டியில் யாராவது இதைச் செய்திருந்தால் அன்றே வீட்டுக்கு வந்திருப்பேன்.

துணி கறுப்பாக நனைந்து வந்தால் பிரிக்க வேண்டியதுதான். நான்கிலிருந்து ஆறு நாள் ஒதுக்குங்கள். அவசரம் இல்லாத ஒழுகல் என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டி எப்படியும் நிற்கும், அப்போது செய்யுங்கள். மாசி, பங்குனியில் வாடகை ஓடும்போது பிரித்தால் சீலின் விலையைவிட நின்ற நாட்களின் விலை அதிகம்.

ஒரு முறை பிரித்தால் சேர்த்துச் செய்ய வேண்டியவை: டிரான்ஸ்மிஷன் பம்ப் சீல், ஃப்ளைவீல் போல்ட், பைலட் பேரிங் இருந்தால் அது, இன்ஜின் மவுண்டிங் ரப்பர். இவற்றுக்குத் தனியாகக் கூலி கேட்கக் கூடாது, திறந்து கிடக்கிற வேலை. கிராங்கின் பின் கழுத்திலும் நகம் மாட்டுகிறதா என்று நீங்களே கீறிப் பாருங்கள். பார்க்காமல் மூடவிடாதீர்கள். ரொம்பப் பழைய சில இன்ஜின்களில் ரப்பர் சீலுக்குப் பதிலாகக் கயிறு மாதிரி பேக்கிங் இருக்கும். அதைப் போட்டுப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

9. சாமான் வாங்கும்போது

வண்டியின் வருடத்தைச் சொல்லி சீல் கேட்காதீர்கள். ஒரே மாடலில் இடையில் இன்ஜின் மாறியிருக்கும். மூன்று போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்: சேஸிஸ் எண் தகடு, இன்ஜின் எண் தகடு, ஹவர் மீட்டர். இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் இன்ஜினே மாற்றியிருந்தால் இரண்டும் பொருந்தாது. சாமானும் தவறாக வரும், நாளைக்கு விற்கும்போதும் இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் தலைவலி.

“பழைய இன்ஜின் ஒன்று இருக்கு, மாத்திடலாம்” என்று யாராவது சொன்னாலும் இதே விஷயம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் வருகிற மாற்றம் அது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மாற்றும் இன்ஜினுக்கு பில் வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் தொடாதீர்கள்.

பழைய சீலைக் கடைக்கு எடுத்துப் போங்கள். அதன் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் பெரும்பாலும் எண்ணாக அச்சாகியிருக்கும். சாதா நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வரைதான் நிம்மதியாக இருக்கும், வைட்டான் 200 வரை தாங்கும். கிராங்க் சீலுக்கு வைட்டான் கேளுங்கள். விலை இரண்டு, மூன்று மடங்கு இருந்தாலும், கூலியோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. டாப்பெட் கவர் பேக்கிங்கில் மிச்சம் பிடிக்கலாம், கிராங்க் சீலில் பிடிக்கக் கூடாது. சாமான் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள், பில் இல்லையென்றால் திருப்பித் தர முடியாது.

ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பது, கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்வது, இரண்டையும் நான் செய்து பார்த்தேன். மருந்து, காய்ந்து சுருங்கிய ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், கிழிந்ததை ஒட்டாது. மேனுவலில் ஆயில் 15டபிள்யூ-40 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள்.

10. பட்டறையில் எழுதி வாங்குங்கள்

நான் வாயால் பேசிவிட்டு வந்ததால்தான் திரும்பப் போனபோது “அது வேற லீக், இது வேற லீக்” என்ற பதில் கிடைத்தது. ஒரு வெள்ளைத் தாளிலாவது இவை இருக்கட்டும்: ஒழுகும் இடம் எது என்று அவர் சொன்னது, அதை எப்படிக் கண்டுபிடித்தார், கூலி எவ்வளவு, எத்தனை நாள், அதே இடத்தில் எத்தனை நாளுக்குள் ஒழுகினால் கூலி இல்லாமல் செய்து தருவார். வண்டி விடும்போது ஹவர் மீட்டரையும் டீசல் முள்ளையும் போட்டோ எடுங்கள். பழைய சீல், பழைய பேக்கிங் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உங்களிடம் தரச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்கிறவர் மாற்றவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

முன்பணம் சாமானுக்கு மட்டும். கூலி, வண்டியை அரை மணி நேரம் சூடாக்கி அடியில் அட்டை போட்டுப் பார்த்த பிறகு.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. சென்ட்ரிங் வேலைக்காரர்கள் பலகையில் தடவக் கேட்டு வருவார்கள், பழக்கம்தான், ஆனால் உரிமம் வைத்து வாங்குகிறவர்களிடம் கேனில் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. அவர்கள் காசும் தருகிறார்கள்.

11. வண்டி வீட்டுக்கு வந்ததும்

முதல் நாள் பத்து மணி நேரம் வேலைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தி டிப் ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் இரவில் அட்டை. கார்க் பேக்கிங் போட்டிருந்தால் சூடாகி ஆறிய பிறகு ஒரு முறை போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், கொஞ்சம் இளகியிருக்கும். ஐம்பது மணி நேரம் ஓடியதும் திரும்ப ஒரு முறை கழுவிப் பவுடர் அடியுங்கள்.

ஆபரேட்டரிடம் அட்டை விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதில், எங்கள் பையன் முதல் நாள் காலையில் அதைக் குப்பை என்று எடுத்து அடுப்பில் போட்டுவிட்டான்.